கணினிக்கு வந்த பெயர் பாரம்

இந்த வீட்டில் இனிமேல் கணினிக்கு ஒரே எஜமான்தான் என்று பிராயித்னோ ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் நிறைவேற்றினார். இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்ததும் அவர்தான், வழிமொழிந்ததும் அவர்தான். எதிர்த்து ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஆளான அவர் மனைவி முர்னி அடுப்படியில் லெம்பர் என்ற பலகாரத்துக்கு ஒட்டரிசி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

காரணம் சின்னதில்லை. முதல் நாள் மாலை அவர் தெருமுனைக் கடைக்கு இஞ்சித் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் முர்னி கணினியைச் சுத்தம் செய்துவிட்டாள். துணியால் வெளியே துடைத்திருந்தால் பரவாயில்லை. உள்ளே சுத்தம் செய்துவிட்டாள். திரை முழுக்க அவர் பரப்பி வைத்திருந்த கோப்புகளையெல்லாம் அள்ளி ஒரே ஃபோல்டருக்குள் போட்டு மூடியிருந்தாள்.

பிராயித்னோவுக்குக் கோப்புகளின் பெயர் தெரியாது. இடம்தான் தெரியும். ஓய்வூதியக் காகிதம் திரையிலிருக்கும் மெர்பாபு மலையின் இடது சரிவில். மின்கட்டண ரசீது மலை உச்சிக்குப் பக்கத்தில். மகள் சுரபாயாவிலிருந்து அனுப்பிய படங்கள் மேகத்தில். இப்போது மலை மட்டும் மொட்டையாக நின்றது. அழகான மலைதான். இத்தனை நாளில் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

"எல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல, பாக்." அந்த ஊரில் புருஷனானாலும் பெரியவரானாலும் மரியாதைக்கு 'பாக்'தான். " உள்ளதான் இருக்கு."

"எதுக்குள்ள?"

"'அப்புறம்'ங்கிறதுக்குள்ள. எதைக் கேட்டாலும் அப்புறம் அப்புறம்னுதானே சொல்வீங்க. அதையே பேரா வச்சுட்டேன். மறக்காதுல்ல?"

பிராயித்னோ ஜாவாவில் சலாத்திகா நகரில் ஒரு வட்டார அலுவலகத்தில் இரண்டாம் இடத்து அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு பந்தல்கூட எழும்பியதில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் எதையோ மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தார். அவர் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து, "யாரைப் பார்க்கணும் ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையை இன்றுவரை அவர் மன்னிக்கவில்லை.

அதன் பிறகுதான் மகள் விட்டுப்போன மேசைக் கணினி அவருக்கு அலுவலகமானது. அதில் கணினிக்காரர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இயங்குதளத்தில் என்னென்ன வசதி இருந்தால் தேவலை என்று உலகத்தில் குறைப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே எழுதினார்கள். பிராயித்னோவும் எழுதினார், அரசாங்க நடையில், 'மேற்படி' எல்லாம் போட்டு. மூடும்போது 'நிச்சயமாகவா?' என்று கேட்கக்கூடாது. பதவியில் இருந்தவரைக்கும் தன்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. புதுப்பிப்பு என்பது சாப்பாட்டு நேரத்து விருந்தாளி மாதிரி வந்து நிற்காமல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவேண்டும். இப்படி நிறைய. பதில்கள் பெரும்பாலும் வரவில்லை. வந்தவை அன்பாக இருந்தன.

அந்தத் திங்கட்கிழமை அவர் எழுதிய விண்ணப்பம் இது: நாற்காலியில் உட்காருவது யார் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். மனைவி உட்கார்ந்தால் மனைவிக்குரியதை மட்டும் காட்ட வேண்டும்.

ஒருவர் உடனே பதில் போட்டார். அந்த வசதி ரொம்ப காலமாகவே இருக்கிறதாம். ஆளுக்கொரு கணக்குத் தொடங்கலாம். ஒருவர் நிர்வாகி. மற்றவர் சாதாரணப் பயனர். எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பதெல்லாம் நிர்வாகி வைத்ததுதான் சட்டம்.

நிர்வாகி. பிராயித்னோ அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஓய்வுக்குப் பிறகு அவரை யாரும் எந்தப் பதவியும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மாமா' என்றார்கள், 'தாத்தா' என்றார்கள், வங்கியில் 'அடுத்தவர்' என்றார்கள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. தனக்கு நிர்வாகிக் கணக்கு. முர்னிக்குச் சாதாரணக் கணக்கு. அச்சடிக்க வேண்டுமானால் நிர்வாகி வந்து ரகசியச் சொல்லை அடித்து அனுமதிக்க வேண்டும். ஆட்சி தொடங்கிய உற்சாகத்தில் கணினிக்கே ஒரு பெயர் வைத்தார். பழைய அரசர்கள் பரம்பரையில் தேடி எடுத்த பெயர்: சூரியவிக்கிரம ஜெயநிங்ராட். திரையில் அது இரண்டு வரிக்கு வந்தது.

முர்னிக்குக் கணினி பொழுதுபோக்கில்லை. அவள் பலகாரப் பெட்டி செய்து கொடுப்பவள். துஆ என்னும் பிரார்த்தனைக் கூட்டம், பிள்ளைக்குப் பெயர் வைத்தல், இறந்தவருக்கு ஏழாம் நாள், நூறாம் நாள், எதற்கும் வருகிறவர்கள் கையில் ஒரு அட்டைப் பெட்டி கொடுத்தனுப்புவது அந்த ஊர் வழக்கம். உள்ளே லெம்பர், இனிப்புப் பணியாரம், குடிக்க ஒரு குவளைத் தண்ணீர். மூடியின் மேல் ஒரு தாள், அதில் யாருக்காக, எந்த நாள் என்று அழகாக அச்சடித்திருக்கும். அந்தத் தாள்தான் முக்கியம். பலகாரம் வீட்டுக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும். பெயர் நிற்கும்.

இனி அந்தத் தாளுக்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். முதல் வாரம் பிராயித்னோ அனுபவித்து ஆட்சி செய்தார். அவள் வந்து கேட்டால் உடனே எழுந்திருக்க மாட்டார். என்ன நிகழ்ச்சி, எத்தனை தாள், ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று விசாரிப்பார். எழுத்துப்பிழை பார்ப்பார். குளித்துவிட்டு வருகிறேன் என்பார். ஒரு கோப்பு அவர் கைக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு அவருக்குப் பசியைத் தூண்டியது. இரண்டு கிலோ எடைகூட ஏறினார்.

பின்தெருவில் ஒரு விதவைப் பெண், கணவனுடைய நூறாம் நாளுக்குப் பெட்டிகள் கேட்டிருந்தாள். மத்தியானம் முர்னி அறை வாசலில் வந்து நின்றாள்.

"பாக், அச்சடிக்கணும். கொஞ்சம் எழுந்து வாங்க."

"இப்பதான் கண்ணசந்தேன்."

"அசருக்கு முன்னாடி குடுக்கணும்."

"அதுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல. எழுந்து வந்து பண்றேன், போ."

அவர் எழுந்தபோது பள்ளிவாசலில் அசர் தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டிகள் தாளில்லாமல், மொட்டை மூடியோடு போய்விட்டன. கணவன் பெயர் எதிலும் இல்லை. அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். சிரித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஜாவாவில் ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் விஷயம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று முர்னிக்குத் தெரியும். அதற்குப் பிறகு பின்தெருவிலிருந்து யாரும் ஆர்டர் கொடுக்க வரவில்லை.

அவளும் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, தேநீர் சூடாக வந்தது. பிராயித்னோ இதை அமைதி என்று எடுத்துக்கொண்டார். நல்ல நிர்வாகம் நடந்தால் மக்கள் அமைதியாக இருப்பார்கள் என்பது அவர் அனுபவம். அலுவலகத்திலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அடுத்து கணினிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதற்குக் காரணம் அவரேதான், ஆனால் அது அவருக்குத் தெரியாது. இயங்குதளத்தில் இல்லாத வசதிகளையெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் குட்டி மென்பொருள்கள் இருக்கின்றன என்று மன்றத்தில் யாரோ சொன்னார்கள். கையில் அதிகாரம் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. அஞ்சல் வந்தால் குரைக்கும் நாய் ஒன்றை இறக்கினார். மக்காவிலும் நியூயார்க்கிலும் மணி என்ன என்று காட்டும் கடிகாரங்கள். திரையைத் தானாகவே மங்கலாக்கும் ஒன்று, அது மங்கலாக்கியதைத் திரும்பப் பளிச்சென்று ஆக்கும் இன்னொன்று. சூரியவிக்கிரம ஜெயநிங்ராட் மூச்சு வாங்க ஆரம்பித்தார். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு வந்தால்தான் மலை தெரிந்தது. சில நாள் பாதி மலையோடு நின்றது.

பிராயித்னோ விசிறியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மேலே இருந்த துணியை எடுத்தார். மனசுக்குள் திகில்தான். இது போய்விட்டால் தான் எதற்கு நிர்வாகி என்ற கேள்வி வரும்.

முர்னி தட்டை எடுக்க வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"பாவம். பேரு தாங்கல போலிருக்கு."

"என்ன?"

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரிய பேரா வச்சா சீக்குல விழுந்துகிட்டே இருக்கும்ல. அந்த மாதிரிதான். எவ்வளவு பெரிய பேரை வச்சிருக்கீங்க இந்த டப்பாவுக்கு. எப்படித் தூக்கும்?"

"நீ படிச்சவதானே?"

"நான் சொல்லல, பாக். தெருவுல பேசிக்கிறாங்க."

தெருவில் உண்மையாகவே பேசிக்கொண்டார்கள். தெருத் தலைவர் பாக் கிமான் வழியில் பார்த்தபோது, உங்கள் கணினிக்கு எப்படி இருக்கிறது என்று தணிந்த குரலில் விசாரித்தார். தன் இரண்டாவது மகனுக்கும் பெயர் பாரம் இருந்ததாம். சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் வைத்து துஆ ஓதிப் பெயரை மாற்றியதும் எழுந்து ஓடினான், இன்று லாரி ஓட்டுகிறான் என்றார். வியாழக்கிழமை மாலை எல்லோரையும் கூப்பிட்டுவிடலாம், முர்னி அம்மா கஞ்சிக்கு அரிசிகூட வாங்கிவிட்டார்கள் என்று முடித்தார்.

பிராயித்னோ இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் நம்பவில்லை என்று தெருத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சலும் அவர் வளர்ப்பில் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். வழக்கம்போல 'ஆகட்டும்' என்று வந்தது.

வியாழக்கிழமை மாலை முன்னறையில் பாய் விரித்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கணினி மேசை சுவரோரமாக இருந்தது. விசைப்பலகைக்கு முன்னால் இரண்டு கிண்ணம், ஒன்றில் பனைவெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சி, ஒன்றில் வெள்ளைக் கஞ்சி. திரை முக்கால் மணி நேரமாக விழித்துக்கொண்டிருந்தது. பாக் கிமான் துஆ ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். புதுப் பெயர் ஸ்லாமெட் என்று முடிவானது. நலம் என்று அர்த்தம், நோய்ப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஊரில் வைக்கும் பெயர். யாருக்கும் பாரமில்லாத பெயர்.

பிராயித்னோ நாற்காலியில் உட்கார்ந்து ரகசியச் சொல்லை முதுகால் மறைத்துக்கொண்டு அடித்தார். பெயர் மாற்றும் கட்டம் திறந்தது. அடிக்க விரலை நீட்டினார்.

"நீங்க அடிக்கக் கூடாதே, பாக் பிராயித்னோ," என்றார் பாக் கிமான்.

"ஏன்?"

"முதல் பேரைச் சுமத்தின கை ரெண்டாம் பேரைத் தொடக் கூடாது. மறுபடி ஒட்டிக்கும். கஞ்சி காய்ச்சினவங்க கைதான் வைக்கணும்."

பாயில் எல்லாத் தலையும் ஆடியது. பிராயித்னோ தயங்கினார். கட்டம் திறந்தே இருக்கிறது, ஒரே ஒரு சொல்தானே, அடித்துவிட்டு எழுந்துவிடப் போகிறாள் என்று தனக்குத்தானே அனுமதி வழங்கிக்கொண்டு எழுந்தார். முர்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே நின்று கண்காணிக்கத்தான் நினைத்திருந்தார்.

"அதுக்குள்ள," என்றார் பாக் கிமான், "இவ்வளவு பேர் வந்திருக்கோம். வீட்டுத் தலைவர் நாலு வார்த்தை பேசலாமே."

இங்கேதான் பிராயித்னோ விழுந்தார். அவரிடம் யாராவது நாலு வார்த்தை கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கணினிக்கு முதுகு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வருகைக்கு நன்றி சொன்னார். வட்டாரத்தில் தான் செய்த கொசு ஒழிப்புப் பணியைச் சொன்னார். அங்கிருந்து எப்படியோ இயங்குதளத்துக்கு வந்து சேர்ந்தார். கணினியில் ஒரு தவறு செய்தால் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருக்கிறது, அதைக் கணினிக்கு வெளியேயும் கொடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கல்யாணமானவர்கள் கொஞ்சம் கூடுதலாக. கொட்டாவி விட்டால் தானாக அணைய வேண்டும். கோபத்தில் எழுதிய கடிதத்தை மறுநாள் காலைதான் அனுப்ப வேண்டும். பேசப் பேச அவருக்கு இளமை திரும்பியது. பின்னால் கணினி அணைந்து மறுபடி எழும் ஓசை கேட்டது. பெயர் மாறினால் அப்படித்தான் என்று அவருக்கே தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசியா ஒண்ணு," என்றார். "ஒரு மனுஷன் வேலையை விட்டுட்டு எழுந்து போறான். திரும்பி வந்து பார்த்தா, எல்லாம் அவன் விட்ட இடத்துலயே இருக்கணும். யாரும் அதை எடுத்து அடுக்கி வச்சிருக்கக் கூடாது. அந்த ஒரு வசதியை எவனும் இன்னும் கண்டுபிடிக்கல."

யாரும் சிரிக்கவில்லை. பாக் கிமான் கையிலிருந்த லெம்பரைக் கீழே வைத்தார். பிராயித்னோ கணினியைப் பற்றிப் பேசவில்லை என்று பாயில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் தட்டச்சுச் சத்தமும் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

கஞ்சியை எல்லோரும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். பெட்டிகளோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பிராயித்னோ பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் புறப்பட்டார். துண்டை எடுப்பதற்குள் மலை வந்துவிட்டது. முழு மலை. ஸ்லாமெட் பிழைத்துவிட்டான். கஞ்சிக்கு இவ்வளவு சக்தியா என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் கவனித்தார்: நாய் இல்லை, நியூயார்க் இல்லை, மக்கா மட்டும் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. நாயைத் திரும்ப இறக்கப் போனார். ஒரு கட்டம் வந்து மறித்தது. இந்தச் செயலுக்கு நிர்வாகியின் அனுமதி தேவை. கீழே நிர்வாகியின் பெயர் இருந்தது. முர்னி.

அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தார்.

"முர்னி. இங்க வா."

கூப்பிட்ட உடனே வந்தாள். கையில் மாவு.

"இது என்ன?"

"அட்மின் பேரு."

"எப்போ நடந்துது?"

"நேத்து. நீங்க கொசுவுல இருந்தீங்க."

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல, பாக். நீங்க தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் அது முன்னாடியே உட்கார்ந்திருப்பேன்ல. எனக்குத் திறந்திருந்தது உதவிப் பக்கம் ஒண்ணுதான். அதையே படிச்சிட்டிருந்தேன்."

பிராயித்னோவுக்குக் கோபம் வந்தது. அதைவிட வருத்தம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே என்றார்.

"கேட்டேனே," என்றாள் முர்னி.

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பிராயித்னோவுக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. வாசலில் நின்ற கால்களை அரைக்கண்ணால் பார்த்தது, பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது, மொட்டை மூடியோடு போன பெட்டிகள். அந்தப் பெண்ணின் இறந்துபோன கணவரை அவருக்கும் தெரியும். அலுவலகத்துக்கு வந்து அவர் மேசை முன்னால் எத்தனையோ நாள் நின்றிருக்கிறார். செத்த பிறகும் அவர் பெயரைத் தான் நிறுத்தி வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது பிராயித்னோவுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"தப்புதான்," என்றார். "பின்தெருவுக்கு நான் போய்ச் சொல்றேன். தாளை அச்சடிச்சு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"குடுங்க. சந்தோஷப்படுவாங்க."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. இதுதான் சமயம் என்று பட்டது அவருக்கு. பேச்சுவார்த்தையில் பழுத்தவர் இல்லையா.

"ஒரே வீட்டுல எதுக்கு மேல கீழன்னு? ரெண்டு பேருமே அட்மினா இருக்கலாம். அப்படி ஒரு வசதியே இருக்கு, தெரியுமா?"

"தெரியும். நீங்க எனக்குப் பூட்டுப் போட்ட அன்னைக்கும் இருந்துது."

பிராயித்னோ திரையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"சரி. இப்போ?"

முர்னி தலையைச் சாய்த்து, விண்ணப்பத்தை அக்கறையோடு பரிசீலிப்பவள் போல ஒரு நிமிடம் நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன், பாக். அதுவரைக்கும் இந்த அட்டைப் பெட்டிங்களை மடிச்சு வைங்க."

பதவிக்காலம் முழுக்க 'யோசித்துச் சொல்கிறேன்' என்ற அந்த ஒரே வார்த்தையைச் சொல்லி ஊரையே திருப்பி அனுப்பியவர் அவர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாயை விரித்து, முதல் பெட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.